மேடையும் கேட்போரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மறக்க முடியாத இசை நிகழ்ச்சி எது என்று யாரிடம் கேட்டாலும் வூட்ஸ்டொக் விழாவையே சொல்கிறார்கள். நீங்களும் அதைத்தான் சொல்வீர்களா?
– மாணவர் ஒருவர், அட்டன்

பதில்: வூட்ஸ்டொக் விழாவுக்கு உரிய இடத்தை யாரும் மறுக்க முடியாது. 1969 ஆகஸ்ட் 15ஆம் திகதி, நியூயோர்க் மாநிலத்தின் பெத்தல் என்ற ஊரில், ஒரு பால் பண்ணைக்குரிய நிலத்தில் தொடங்கிய அந்த விழாவுக்கு ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் திரண்டு வந்து, மழையிலும் சேற்றிலும் அமர்ந்து பாட்டுக் கேட்டார்கள். 18ஆம் திகதி காலை அமெரிக்கக் கிற்றார் கலைஞர் ஜிமி ஹென்றிக்ஸ் மேடையேறியபோது கூட்டத்தின் பெரும்பகுதி கலைந்துவிட்டிருந்தது. எஞ்சியிருந்தவர்கள் முன்னிலையில் அவர் அமெரிக்க தேசிய கீதத்தைக் கிற்றாரில் வாசித்தார். குண்டு விழும் ஓசையும் விமானம் பாயும் ஓசையும் அந்தத் தந்திகளிலிருந்து எழுந்தன. வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அதன் பொருளை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் ஒன்றே ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால், நான் 1971 ஆகஸ்ட் 1ஆம் திகதி நியூயோர்க் நகரின் மெடிசன் ஸ்குயார் கார்டன் அரங்கில் நடந்த பங்களாதேஷ் நிதி நிகழ்ச்சியையே சொல்வேன். 1970 நவம்பரில் வீசிய பெரும் புயலின் அழிவிலிருந்து இன்று பங்களாதேஷ் எனப்படும் கிழக்குப் பாகிஸ்தானின் மக்கள் மீள்வதற்கு முன்பே, அடுத்த மார்ச்சில் போர் மூண்டு, இலட்சக்கணக்கான குடும்பங்கள் எல்லை கடந்து இந்தியாவில் தஞ்சம் புகுந்தன. வங்காளக் குடும்பத்தில் பிறந்த சித்தார் கலைஞர் ரவி சங்கர், தம்மிடம் சித்தார் பயின்ற, பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் கலைஞர் ஜோர்ஜ் ஹரிசனிடம் தம் வேதனையைச் சொல்லி உதவி கேட்டார். சில வாரங்களுக்குள் ஹரிசன் தம் நண்பர்களை ஒவ்வொருவராக அழைத்து, பிற்பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக இரண்டு காட்சிகளுக்கு ஏற்பாடு செய்தார். இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 40,000 பேர் கலந்துகொண்டனர்.

இந்த நிகழ்ச்சியில் என்னை ஆட்கொண்டது அதன் முதற்பகுதிதான். பாடகர் பொப் டிலனையும் கிற்றார் கலைஞர் எரிக் கிளெப்டனையும் காண வந்திருந்த இளைஞர்களுக்கு முன், ரவி சங்கரும் சரோத் என்ற தந்தி வாத்தியத்தின் மேதை அலி அக்பர் கானும் தபேலாவுடன் அல்லா ரக்காவும் தம்புராவுடன் கமலா சக்கரவர்த்தியும் வந்து அமர்ந்தார்கள். வாசிப்பின்போது புகைபிடிக்க வேண்டாம் என்று ரவி சங்கர் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார். பின்னர் அவர்கள் சுருதி சேர்த்து முடித்ததும், அதையே ஓர் உருப்படி என்று எண்ணி அரங்கம் பலத்த கரவொலி எழுப்பியது. சுருதி சேர்த்ததே உங்களுக்கு இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என அவர் கனிவோடு மறுமொழி சொன்னார். அந்தக் கூட்டத்தை அவர் சிறுமைப்படுத்தவில்லை. கூட்டமும் எழுந்து போகவில்லை. தெரியாத ஓர் இசைக்குத் தெரியாத மக்கள் செவி கொடுத்தார்கள். அதைவிட அரிய ஒன்று ஒரு கச்சேரியில் நடக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

டிலன் வருவாரா என்பது கடைசி வரை உறுதியாகவில்லை. ஹரிசன் தம் கிற்றாரில் ஒட்டியிருந்த பாடல் வரிசையில், டிலனின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியைத்தான் போட்டிருந்தார். டிலன் வந்தார், பாடினார். நுழைவுச்சீட்டுகளால் கிடைத்த ஏறத்தாழ 243,000 டொலர் ஐ.நா. சிறுவர் நிதியமான யுனிசெப் அமைப்புக்குப் போய்ச் சேர்ந்தது. இசைத்தட்டும் திரைப்படமும் ஈட்டிய பெருந்தொகையோ, வரிவிலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்காத காரணத்தால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. நிதி நிகழ்ச்சி நடத்த எண்ணும் சங்கங்கள், கணக்கு வேலையை மேடை வேலைக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கேள்வி: பீட்டில்ஸ் குழுவினர் கடைசியாகக் கூரையின் மேல் நின்று பாடினார்கள் என்பது உண்மையா?
– வாசகி, நுவரெலியா

பதில்: உண்மைதான். 1969 ஜனவரி 30ஆம் திகதி, லண்டன் செவில் ரோ வீதியில் இருந்த தங்கள் நிறுவனக் கட்டடத்தின் கூரையில் ஏறத்தாழ 42 நிமிடங்கள் வாசித்தார்கள். காவற்றுறையினர் மேலே வரும் வரை வாசிப்பு நீடித்தது. குளிர்காற்றில் விரல்கள் விறைத்துப் போனதால் கிற்றாரைப் பிடிக்க முடியவில்லை என்று குழுவின் ஜோன் லெனன் அங்கேயே குறைபட்டுக்கொண்டார். உங்கள் ஊரில் ஜனவரி மாலையில் வெளியரங்கில் வாசித்தவர்களுக்கு அந்தத் துன்பத்தை நான் விவரிக்கத் தேவையில்லை.

கேள்வி: எங்கள் தோட்டத் திருவிழாவில் மேடைக்கு இருபுறமும் பெரிய பெரிய பெட்டிகளை அடுக்குகிறோம், சத்தம் வருகிறதே ஒழிய பாட்டின் வரி விளங்குவதில்லை. பெரிய மைதானங்களில் இதை எப்படிச் சமாளித்தார்கள்?
– விழாக் குழுவினர், தலவாக்கலை

பதில்: தொடக்கத்தில் அவர்களாலும் சமாளிக்க முடியவில்லை. 1965 ஆகஸ்ட் 15ஆம் திகதி நியூயோர்க் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் பாடியபோது 55,000க்கும் அதிகமானோர் கூடியிருந்தனர். கிற்றார்களுக்கு 100 வாட் பெருக்கிகளே இருந்தன. குரலோ, விளையாட்டு அறிவிப்புகளுக்காகப் பொருத்தியிருந்த ஒலிபெருக்கிகள் வழியாகப் போயிற்று. பாடகர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்பதற்கு மேடையில் தனி ஒலிபெருக்கி வைக்கும் வழக்கமும் அப்போது வரவில்லை. இரசிகர்களின் கூச்சலில் எதுவுமே கேட்காமல், முன்னால் நிற்பவர்களின் உடலசைவைப் பார்த்துப் பாட்டு எந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்று ஊகித்து வாசித்ததாகக் குழுவின் மேளக் கலைஞர் ரிங்கோ ஸ்டார் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1966 ஆகஸ்ட் 29ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் பாடியதோடு அவர்கள் நுழைவுச்சீட்டுக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டதற்கு இந்தக் கேளாமையும் ஒரு முக்கிய காரணம்.

அதன் பிறகுதான் வெளியரங்க ஒலியமைப்பு ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. வூட்ஸ்டொக்கில் பில் ஹான்லி என்ற ஒலிப் பொறியாளர் உயரமான கோபுரங்களில் ஒலிபெருக்கிகளை ஏற்றி, சரிவில் அமர்ந்திருந்தவர்களை நோக்கித் திருப்பி வைத்தார். இன்று இன்னொரு முறையும் உண்டு. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதால், மேடையிலிருந்து 100 மீற்றர் தொலைவில் இருப்பவரை அடைய ஏறக்குறைய 0.3 நொடி எடுக்கிறது. ஆகவே நடுத்திடலில் நிறுத்தும் துணை ஒலிபெருக்கிகளை அதே அளவு தாமதித்து ஒலிக்கச் செய்கிறார்கள்; இல்லாவிட்டால் ஒரே சொல் இரண்டு முறை காதில் விழும்.

மலையகத்தில் இந்தத் தொல்லை இரட்டிப்பாகிறது. மேடைப் பெட்டிகள் எதிர்மலையை நோக்கி நின்றால், போன ஒலி திரும்பி வந்து அடுத்த வரியின் மேல் விழுந்து இரண்டையும் குலைத்துவிடும். பெட்டிகளைக் கூட்டம் அமரும் இடத்தை நோக்கிச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். இரண்டு பெரிய அடுக்குகளை முழுவிசையில் அலறவிடுவதைவிட, சிறிய பெட்டிகள் சிலவற்றைக் கேட்போருக்கு அருகில் வைத்து அளவாக ஒலிக்கச் செய்வது நல்லது. வரி விளங்கும், மறுநாள் பரீட்சை எழுதப் போகும் பிள்ளை லயன் வீட்டில் உறங்கவும் முடியும்.

கேள்வி: குயீன் குழுவின் லைவ் எயிட் நிகழ்ச்சியை யூடியூபில் பார்த்தேன். வெறும் இருபது நிமிடத்தை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?
– உயர்தர மாணவி, பண்டாரவளை

பதில்: ஏறத்தாழ இருபது நிமிடத்தில் அடக்கியதால்தான் பேசுகிறார்கள். எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட 1985 ஜூலை 13ஆம் திகதி லண்டன் வெம்ப்ளி அரங்கிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நடந்த நிகழ்ச்சி அது. வெம்ப்ளியில் மட்டும் ஏறத்தாழ 72,000 பேர் இருந்தனர். கோடைகால மாலையில் வெயில் மறையாத நேரத்தில் குயீன் மேடையேறியதால், அவர்கள் வழக்கமாக நம்பியிருந்த ஒளியலங்காரம் எதுவும் உதவவில்லை. அதை அறிந்தே அவர்கள் முன்கூட்டி ஓர் அரங்கை எடுத்து, கிடைத்த நேரத்துக்கு ஏற்பப் பாடல்களைச் சுருக்கிக் கோத்து ஒத்திகை பார்த்திருந்தார்கள். நடுவில் குழுவின் பாடகர் பிரெடி மெர்க்குரி சொற்களே இல்லாமல் குரலால் ஒரு சங்கதியை எடுத்துக் கொடுக்க, அரங்கம் முழுவதும் அதைத் திருப்பிப் பாடியது. மார்கழிப் பஜனையில் முன்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பதைத் தெருவே பின்பாடும் முறைதான் அது. கூட்டம் ஓரிரு முறை கேட்டதும் பாடக்கூடியதை மட்டுமே அவர் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: ஒரு கச்சேரியால் சண்டையை நிறுத்த முடியுமா?
– ஆசிரியர் ஒருவர், பதுளை

பதில்: ஓர் இரவுக்கு முடியும். 1968 ஏப்ரல் 4ஆம் திகதி மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதும் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலவரம் வெடித்தது. மறுநாள் பொஸ்டனில் நடக்கவிருந்த, கறுப்பினப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் கச்சேரியை நிறுத்தாமல், தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்ப நகர நிருவாகம் முடிவு செய்தது. மக்கள் வீட்டிலிருந்து பார்த்தார்கள். அன்றிரவு அந்நகரம் பெருமளவில் அமைதியாக இருந்தது.

ஜமெய்க்காவில் இரு கட்சிகளின் ஆதரவாளர்கள் மோதிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இதைவிடச் சிக்கலானது. 1976 டிசம்பரில் அந்நாட்டுப் பாடகர் பொப் மார்லி தம் வீட்டிலேயே சுடப்பட்டார்; இரண்டே நாட்களில் காயத்தோடு மேடையேறிப் பாடிவிட்டு நாட்டை விட்டு வெளியேறினார். திரும்பி வந்து, 1978 ஏப்ரல் 22ஆம் திகதி கிங்ஸ்டன் தேசிய விளையாட்டரங்கில் பாடியபோது, பிரதமர் மைக்கல் மேன்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவையும் மேடைக்கு அழைத்து, இருவர் கைகளையும் தம் தலைக்கு மேல் உயர்த்திச் சேர்த்துப் பிடித்தார். அந்தக் காட்சி இன்றும் நெஞ்சை அசைக்கிறது. ஆனால் அந்த நிகழ்ச்சியை முன்னின்று நடத்திய எதிரெதிர் ஆயுதக் குழுக்களின் தலைவர்கள் இருவரும் 1980க்குள் கொல்லப்பட்டார்கள். அவ்வாண்டுத் தேர்தலை ஒட்டிய வன்முறையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பாட்டின் மேல் அவ்வளவு பாரத்தை ஏற்றுவது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன். மார்லி செய்யக்கூடியதைச் செய்தார். மீதி, அந்தக் கைகளுக்கு உரியவர்களின் வேலை.

கேள்வி: இந்த வரிசையில் நம் நாட்டுத் தமிழ்க் கலைஞர்களுக்கு இடமில்லையா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: நிச்சயமாக உண்டு. நித்தி கனகரத்தினமும், பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று போற்றப்பட்டு 2018இல் சென்னையில் காலமான ஏ. ஈ. மனோகரனும், பைலா என்ற இலங்கை ஆட்டப்பாட்டின் துள்ளலைத் தமிழுக்குக் கொண்டுவந்து, கடல் கடந்தும் பாட வைத்தார்கள். குறை நம் பதிவுகளில்தான் இருக்கிறது. வெம்ப்ளி நிகழ்ச்சியின் பெரும்பகுதி ஒளிப்பதிவில் கிடைக்கிறது. நம் மேடைகளோ பெரும்பாலும் பார்த்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன.

மாசி மாதத்தில் காமன் பொட்டலில் நடக்கும் கூத்தையும் நான் இந்த வரிசையில்தான் வைப்பேன். தப்புப் பறை முழங்க, விடியும் வரை தோட்ட மக்களே ரதியும் மன்மதனுமாக ஆடிப் பாடும் அந்த இரவு எந்த மேடைக்கும் குறைந்ததன்று. அடுத்த முறை கைப்பேசியில் பதியும்போது தப்புக்கு மிக அருகில் நிற்காதீர்கள்; அந்த வேகத்தைச் சிறிய ஒலிவாங்கி தாங்காது, பாட்டு உடைந்துவிடும். பாடுபவருக்கு நேராகச் சற்று விலகி நின்று, ஒரு பாட்டை முதலிலிருந்து முடிவு வரை வெட்டாமல் எடுங்கள். அவருடைய பெயரையும், தோட்டத்தையும், திகதியையும், அந்தப் பாட்டை அவர் யாரிடம் கற்றார் என்பதையும் பதிவின் முடிவில் அவர் குரலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.