எங்களுக்குத் தடை, அவர்களுக்கு மட்டும் வலையா?

கேள்வி: வாஷிங்டன் மாநிலத்தில், கென்ட் நகரில் வசிக்கிறேன். உரிமம் எடுத்து முறையாகத் தூண்டில் போடுபவன். கிரீன் ஆற்றில் எங்களுக்குத் தடை இருந்த நாளில் பழங்குடியினர் படகு ஒன்று வலை விரித்திருந்தது. இது எப்படிச் சரியாகும்? இப்படிப் பிடித்தால் சால்மன் மிஞ்சுமா? அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலத்துக்குள் (ரிசர்வேஷன்) என் உரிமம் செல்லுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செல்லாது. ஒதுக்கீட்டு நிலத்துக்குள் அந்தப் பழங்குடி அரசின் அனுமதி வேண்டும். சில இடங்களில் வெளியாருக்கு அனுமதியே கிடையாது. போவதற்கு முன் அவர்களுடைய மீன்வளத் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

இனி வலைக்கு வருவோம். நம் ஊரில் வயலை விற்பவர் கிரயப் பத்திரத்தில், 'கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பாத்தியமும் வழிநடை பாத்தியமும் எனக்கு உண்டு' என்று எழுதி வைப்பார். நிலம் கைமாறினாலும் அந்தப் பாத்தியம் அவருடையதுதான். 1854, 1855 ஆண்டுகளில் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் இந்தப் பகுதிப் பழங்குடிகளோடு போட்ட ஒப்பந்தங்களும் அப்படித்தான். பெரும் நிலப்பரப்பைக் கொடுத்தவர்கள், வழக்கமாக மீன் பிடித்துவந்த இடங்களிலெல்லாம் குடிமக்களோடு பொதுவாக மீன் பிடிக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். இது அவர்களுக்கு அரசு கொடுத்த சலுகை அல்ல, அவர்கள் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905லேயே சொல்லிவிட்டது.

சொன்னபடி நடந்ததா என்றால், இல்லை. மீன்வளத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி மாநில அரசு பல பத்தாண்டுகள் பழங்குடி மீனவர்களைக் கைது செய்தது. நிஸ்குவாலி பழங்குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் முதல்முறை கைதானபோது அவருக்கு வயது 14. பிறகு ஐம்பது தடவைக்கு மேல் கைதானார். அதே காலத்தில் மீனில் பெரும்பகுதியைக் கடலிலேயே மற்றவர்களின் வணிகப் படகுகள் அள்ளிக்கொண்டிருந்தன. பழங்குடிகளுக்குக் கிடைத்தது ஏறக்குறைய நூற்றில் ஐந்து பங்கு. 'பாதுகாப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே அவர்கள் இன்றும் எச்சரிக்கையாவதற்குக் காரணம் இதுதான். அந்த எச்சரிக்கை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

இந்த உரிமை பற்றிய வழக்கில் 1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார். ஒப்பந்தத்தில் உள்ள 'பொதுவாக' என்ற சொல்லுக்குப் பாதிக்குப் பாதி என்று பொருள் என்றார். 1979ல் உச்ச நீதிமன்றமும் அதைப் பெரும்பாலும் ஏற்றது. ஆனால், பாதி என்பது உச்சவரம்பு என்றும் சொன்னது.

எதில் பாதி என்பதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆற்றில் இருக்கும் மீனில் பாதி அல்ல. முட்டையிட மேலே ஏறிப் போக வேண்டிய மீனை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். அதற்கு மேல் பிடிக்கக்கூடிய மீனில்தான் பங்கு. ஒவ்வொரு வசந்த காலத்திலும் மாநில மீன்-வனவிலங்குத் துறையும் பழங்குடிகளும் உட்கார்ந்து, எவ்வளவு மீன் வரும் என்று கணித்து, யார் எங்கே எத்தனை நாள் பிடிக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். பழங்குடிகளுக்கும் தனி விதிமுறை, தனிக் காவலர், தனி நீதிமன்றம் எல்லாம் உண்டு. அந்த வலைக்கும் நாள் குறித்துத்தான் கொடுத்திருப்பார்கள்.

அப்படியென்றால் உங்கள் கண்ணில் ஏன் அவர்கள் வலை மட்டும் படுகிறது? மற்றவர்களின் பங்கில் ஒரு பகுதியை, மீன் ஆற்றுக்குள் நுழையும் முன்பே, கடலில் படகுகளும் தூண்டில்காரர்களும் பிடித்துவிடுகிறார்கள். அதைக் கரையிலிருந்து யாரும் பார்ப்பதில்லை. பழங்குடிகளோ தங்கள் முன்னோர் பிடித்த இடங்களில் மட்டுமே ஒப்பந்த உரிமையில் வலை போட முடியும். இந்த ஆற்றில் மீன் வரவில்லை என்றால் நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு திறந்திருக்கும் வேறோர் ஆற்றுக்குப் போகலாம். அவர்களால் அது முடியாது. அதனால்தான் மீன் அழிந்துவிடக்கூடாது என்ற கவலை அவர்களுக்கு நம்மைவிட அதிகம்.

சால்மன் மிஞ்சுமா என்ற உங்கள் பயம் வீண் பயம் அல்ல. பியூஜெட் சவுண்ட் என்ற இங்குள்ள கடற்கழிப் பகுதியின் சினூக் சால்மன் இனம் 1999 முதல் அழியும் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் வலையைக் கட்டுப்படுத்துவதால் மட்டும் அது மீண்டுவிடாது. அணைகள், சாலைக்கு அடியில் மீன் ஏற முடியாதபடி போட்ட குழாய்கள், கரையில் வெட்டப்பட்ட மரங்கள், சூடாகும் தண்ணீர் எல்லாம் சேர்ந்துதான் அதை இந்த நிலைக்குக் கொண்டுவந்தன. அந்தக் குழாய்களைச் சரிசெய்யச் சொல்லி வழக்குப் போட்டவர்களே பழங்குடிகள்தான். 2018ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்ததால் அவர்களுக்குச் சாதகமான கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நிலைத்தது. இதே மாநிலத்தில் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளை இடித்தபோது, அங்குள்ள கிளாலம் பழங்குடி மக்கள் தாங்களும் மீன்பிடியை நிறுத்தி, பத்தாண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள். 2023ல்தான் மறுபடி ஆற்றில் இறங்கினார்கள்.

சரி, அடுத்த முறை என்ன செய்வது? கிளம்பும் அன்று காலையிலேயே மாநிலத் துறையின் அவசர விதிகளைப் பாருங்கள். பருவத்தின் நடுவிலும் அவை மாறும். வலையையோ மிதவையையோ தொடாதீர்கள், தொட்டால் வழக்காகும். திருட்டுப் பிடிப்பு என்று சந்தேகம் வந்தால் நேரில் வாக்குவாதம் வேண்டாம். இடம், நேரம், படகு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மாநிலத் துறைக்கோ அந்தப் பழங்குடியின் மீன்வளக் காவலருக்கோ சொல்லுங்கள். அப்புறம், பொழுதுபோக்கு உரிமத்தில் நீங்கள் பிடித்த மீனை விற்கக் கூடாது. உரிமம் பெற்ற பழங்குடி மீனவர் விற்கும் மீனை நீங்கள் தாராளமாக வாங்கலாம். ரசீதை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.