கடை முகப்பு மீண்டும் கறுப்பது பற்றி

வணக்கம். மாட்டுங்காவில் உள்ள உங்கள் கடை முகப்பைப் பிரஷர் வாஷரால் கழுவியும் இரண்டே மாதத்தில் கறுத்துவிட்டதாகவும், கழுவ வந்தவர் அடுத்த முறை ஆசிட் அடிக்கலாம் என்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆசிட் வேண்டவே வேண்டாம். உங்கள் படிகளில் உள்ள கோட்டா கல் சுண்ணாம்புக்கல் வகை என்பதால், ஆசிட் பட்ட இடம் நுரைத்து, மெருகு போய்ச் சொரசொரப்பாகி, அழுக்கை இன்னும் எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

மும்பை மழையில் சுவரில் படியும் கறுப்பு பெரும்பாலும் பாசிதான். தண்ணீரின் வேகம் மேற்புறத்தை மட்டுமே உதிர்க்க, நுண்துளைகளில் மிஞ்சியது மறுபடி வளர்கிறது. ஆகவே நீர்த்த பிளீச்சிங் கரைசலைச் சுவரில் தெளித்து, காயவிடாமல் பத்து நிமிடம் ஊறவைத்து, தண்ணீரை விசிறிபோல் அகலமாகப் பீய்ச்சும் 40 டிகிரி நாசிலுடன் (முனையுடன்) ஓரடி தள்ளி நின்று மேலிருந்து கீழாகக் கழுவச் சொல்லுங்கள். (பிளீச்சுடன் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதை அவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.) மே மாதத்தில் ஒருமுறை, மழை ஓய்ந்தபின் அக்டோபரில் ஒருமுறை கழுவினால் போதும்.