திகில் படங்களில் வருபவர்கள் ஏன் இவ்வளவு முட்டாள்களாக இருக்கிறார்கள்? சேர்ந்து நிற்காமல் பிரிகிறார்கள், நிலவறைக்குள் இறங்குகிறார்கள், ஆபத்தான வீட்டுக்குத் தாங்களே போகிறார்கள், வாசலால் வெளியே ஓடாமல் நிற்கிறார்கள்? ‘பிரிந்து தேடுவோம்’ என்று ஒருவன் சொன்னாலே என் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

இப்படிக் கேட்டு எழுதிய நீங்கள், இந்தப் படங்களை இரவில் தனியாக, கையில் போனை வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர் என்று நினைக்கிறேன். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ‘முட்டாள்’ என்ற சொல்லை வாசித்ததும் எனக்குச் சுள்ளென்றது. நான் இலங்கையில், வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம். உயிருக்கு ஓடிய சனத்தோடு ஒரே பாயில் இருந்து இந்தப் படங்களைப் பார்த்தவள். அங்கே யாரும் இவர்களை முட்டாள்கள் என்று சொல்லவில்லை.

போர் முடிந்து மீள்குடியேறி, ஊருக்குக் கரண்ட் வந்த புதிது. தம்பி வவுனியாவில் வேலை செய்தான். லீவில் வரும்போது பொலித்தீன் பை நிறைய டிவிடி கொண்டு வருவான். எங்கள் வீட்டுக்கு அப்போது முன்கதவு இல்லை, தறப்பாள்தான் தொங்கியது. அக்கம்பக்கத்துச் சனம் பாயோடு வந்துவிடும். ஒருநாள் அவன் போட்டது 1974இல் வந்த ‘ரெக்சாஸ் செயின் சோ மசாக்கர்’. இங்கிலீஷ் படம், அவன்தான் இடையிடையே கதை சொன்னான்.

ஐந்து பேர் ஒரு வான் வண்டியில் போகிறார்கள். பெற்றோல் நிலையத்தில் எண்ணெய் இல்லை. இரண்டு பேர் குளிக்க இடம் தேடிப் போனால் தண்ணீர் வற்றிக் கிடக்கிறது. அப்போது தூரத்தில் ஒரு ஜெனரேற்றர் ஓடும் சத்தம். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போய், ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

தம்பி, “விசரன், உள்ளுக்குப் போறான் பாருங்கோ” என்றான்.

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னடா விசர்? எண்ணெய் முடிஞ்சுபோச்சு. ஜெனரேற்றர் கேக்குது. அப்ப அந்த வீட்டில எண்ணெய் இருக்குதுதானே? போய்க் கேக்காமல் நடுறோட்டில நிக்கிறதே?”

மாமி போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையை முழுதாக வன்னிக்குள் கழித்தவர். ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கெரித்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர். மாமா மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியவர். எங்கேயாவது எஞ்சின் சத்தம் கேட்டால் மாமாவின் தலை அந்தப் பக்கம் தானாகத் திரும்பும். மாமிக்கு அந்தப் பெடியன் மாமாவாகத்தான் தெரிந்தான். அமெரிக்காவில் அந்தப் படத்தை முதலில் பார்த்தவர்களுக்கும் அது விளங்கியிருக்கும். படம் வருவதற்கு முந்தின வருடம், 1973இல், அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதால் அங்கே வாகனங்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்றன. பெற்றோல் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் இருந்து பார்க்கிறவருக்குத்தான் அது முட்டாள்தனம்.

பிரிந்து போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2009 தொடக்கத்தில், போரின் கடைசி மாதங்களில், எங்கள் அப்பா அக்காவைச் சித்தப்பா வீட்டுப் பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், விட்டார், என்னையும் தம்பியையும் தன்னோடு வைத்துக்கொண்டார். அம்மா அழுதா. “எல்லாரும் ஒண்டா இருந்தால் ஒரு செல் விழுந்தால் போதும். ஆராவது ஒரு பிள்ளை மிஞ்ச வேணும்” என்றார் அப்பா. எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை இது. பல குடும்பங்கள் அப்படித்தான் பிள்ளைகளைப் பிரித்து வைத்தன. அக்கா இப்போது கனடாவில் இருக்கிறா. அப்பா இல்லை. படத்தில் ஒருத்தன் “நாங்கள் பிரிஞ்சு தேடுவம்” என்று சொல்லும்போது உங்கள் நண்பர்கள் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பாயில் யாரும் சிரித்ததில்லை.

நிலவறையும் அப்படித்தான். ஹிட்ச்கொக்கின் ‘சைக்கோ’ 1960இல் வந்தது. கத்தியோடு திரியும் கொலைகாரன் படங்களுக்கெல்லாம் அதைத்தான் தாய் என்பார்கள். அதன் கடைசியில், கொலையானவளைத் தேடி வந்த தங்கச்சிக்காரி ஏன் நிலவறைக்குள் இறங்குகிறாள்? கொலைகாரன் வீட்டுக்கு வருவதை ஜன்னலால் காண்கிறாள், ஒளிக்க இடம் தேடுகிறாள், கீழே போகும் படி கண்ணில் படுகிறது. உயிர்ப்பயம் வந்தால் உடம்பு நிலத்துக்குக் கீழேதான் போகப் பார்க்கும். கிபிர் குண்டுவீச்சு விமானத்தின் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்தவர்களுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அடுத்தது, ஏன் வாசலால் வெளியே ஓடுவதில்லை என்பது. இதற்கு நல்ல பதில் ‘பிளாக் கிறிஸ்மஸ்’ என்ற கனடாப் படத்தில் இருக்கிறது. அதுவும் 1974தான். மிரட்டல் போன் அந்த வீட்டுக்குள் இருந்தே வருகிறது என்று பொலிசுக்குத் தெரிந்துவிடுகிறது. போனை எடுத்த கதாநாயகியிடம் சொல்கிறார்கள், போனை வைத்துவிட்டு நேரே முன்வாசலால் வெளியே போ என்று. அவள் போகவில்லை. மேலே படுத்திருக்கும் சினேகிதிகளைக் கூப்பிடுகிறாள். பதில் இல்லை. அடுப்புக் கிளறும் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு படியேறுகிறாள். நான்கு வருடம் கழித்து வந்த ‘ஹலோவீன்’ படத்திலும் கதாநாயகி லோரி வீட்டைவிட்டு ஓடாததற்குக் காரணம் அவள் பொறுப்பில் இரண்டு பிள்ளைகள் இருப்பதுதான். ஆபத்து என்று தெரிந்தும் ஆளைக் கூட்டிவரத் திரும்பிப் போனவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் வரவில்லை. அவர்களையும் முட்டாள்கள் என்பீர்களா?

‘ஹலோவீன்’ படத்தில் எனக்கு மனதை விட்டுப் போகாத இடம் கத்தி வரும் இடம் கிடையாது. லோரி அலறிக்கொண்டு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவில் அடிக்கிறாள். உள்ளே இருப்பவர் ஜன்னலால் பார்க்கிறார். பிறகு வெளி லைற்றை அணைத்துவிடுகிறார். அவ்வளவுதான். வன்னியில் எங்கள் வயதுக்காரரோடு இருந்து அந்த இடத்தைப் பார்த்துப் பாருங்கள், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

உதவி கேட்டால் நம்பமாட்டார்கள் என்பதும் இந்தப் படங்களின் பழைய வழக்கம்தான். ‘பிளாக் கிறிஸ்மஸ்’ பொலிஸ்காரர் பெண்பிள்ளையைக் காணவில்லை என்று சொல்லப் போனவர்களைக் கணக்கெடுக்கமாட்டார். இது மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் 2011 ஆகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வந்து பெண்களைத் தாக்கும் ‘கிறீஸ் பூதம்’ என்று நாடு முழுக்கச் சனம் நடுங்கிய மாதம் அது. எங்கள் பக்கம் ஆம்பிளைத் துணை இல்லாத வீடுகள்தான் அதிகம். பொழுதுபட்டதும் பெண்கள் எல்லாரும் ஒரே வீட்டில் கூடிப் படுத்தோம், தலைமாட்டில் உலக்கையும் மிளகாய்த்தூளும். ஒரு பிள்ளையின் கையில் நகம் கிழித்த காயம் இருந்தது. முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில், “கனவு கண்டிருப்பீங்கள்” என்று சொல்லி அனுப்பினார்கள். பூதமா, திருடனா, வேறு யாருமா என்று இன்றுவரை நான் அடித்துச் சொல்லமாட்டேன். காயத்தைக் கண்டேன், அதை எழுதுகிறேன்.

கீழே வந்து “போரையும் மசாலாப் படத்தையும் ஒப்பிடுகிறாயே, வெட்கமில்லையா?” என்று எழுதப் போகிறவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன். ஒப்பிடவில்லை. படம் பார்க்கிறவர் எதைக் கடந்து வந்தாரோ அதோடுதான் படத்தைப் பார்ப்பார் என்கிறேன். எடுத்தவர்களுக்கும் அது பொருந்தும். 1980இல் ‘பிறைடே த தேர்ற்றீன்த்’ படத்துக்கு வெட்டுக்காயங்களைச் செய்துகொடுத்த ரொம் சவீனி வியற்நாமில் அமெரிக்க இராணுவத்துக்குப் படம்பிடித்தவர். வெஸ் க்றேவன் 1984இல் கனவில் வந்து கொல்லும் கொலைகாரனை எடுத்ததற்குப் பின்னால், தென்கிழக்காசியப் போரில் இருந்து தப்பி அமெரிக்கா வந்த அகதிகள் தூக்கத்திலேயே இறந்துபோன செய்திகள் இருந்தன. அந்த அகதிகளின் செய்தியை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

தமிழில் இப்படிக் கொலைகாரன் படங்கள் இல்லையா என்றால், இருக்கிறது. ‘ஹலோவீன்’ வந்த அதே 1978இல்தான் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’. இரண்டு வருடத்தில் ‘மூடுபனி’. அதை எடுத்த பாலு மகேந்திரா மட்டக்களப்பில் பிறந்தவர் என்று சொல்வதில் எனக்கொரு பெருமை, இருக்கட்டும். பிறகு நம் படங்கள் பேயும் பகிடியும் பாட்டுமாக மாறிவிட்டன. அதில் எனக்கு ஈடுபாடு இல்லை.

வேறொரு கோபமும் இருக்கிறது, கேள்விக்கு வெளியேதான். கொஞ்ச நாளாக யூரியூப்காரர்கள் இரவில் கமராவோடு வந்து, எங்கள் பக்கம் செல்லடியில் உடைந்த வீடுகளுக்குள் நுழைந்து ‘பேய் இருக்குதா’ என்று வீடியோ போடுகிறார்கள். அந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள். காணாமல்போன மகன் வந்தால் அடையாளம் தெரியவேண்டும் என்று சுவரை இடிக்காமல் வைத்திருக்கும் தாயை எனக்குத் தெரியும். அங்கே போய்ச் செருப்புக் காலோடு நின்று “ஏதோ சத்தம் கேக்குது மக்களே” என்கிறார்கள். தயவுசெய்து அதைப் பார்க்காதீர்கள், பகிராதீர்கள்.

கேள்விக்கு வருகிறேன். உங்களுடைய இதே கேள்வியை 1996இல் ‘ஸ்கிறீம்’ படத்தின் கதாநாயகியே கேட்கிறாள். திகில் படம் பிடிக்காது, அதில் வரும் பெண்கள் வாசலால் ஓடாமல் மாடிப்படி ஏறுகிறார்கள் என்று போனில் எரிச்சல்படுகிறாள். கொஞ்ச நேரத்தில் கொலைகாரன் வருகிறான். வாசலுக்கு ஓடுகிறாள், அவளே பூட்டிய கதவு உடனே திறபடவில்லை. மாடிப்படி ஏறுகிறாள். அந்த ஒரு காட்சியை நிறுத்தாமல் பாருங்கள். பிறகும் முட்டாள் என்றுதான் தோன்றினால் எழுதுங்கள், பேசுவோம்.