மூலநிரல் திறந்திருந்தும் லினக்ஸில் பின்கதவு வைக்க முடியுமா, அதை எப்படித் தடுக்கிறார்கள்?

முடியும். பின்கதவு என்பது கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய நிரலில் ஒளித்து வைக்கும் வழி. மூலநிரலைப் படிக்க எல்லாருக்கும் வாய்ப்பு இருக்கிறது என்பதால் எல்லாரும் அதை வரிவரியாகப் படிக்கிறார்கள் என்று ஆகிவிடாது. ஒரே நிரலின் வெவ்வேறு பிரதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் உண்மையான காவல் என்பது என் கருத்து.

2003 நவம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் முதன்மைக் களஞ்சியம், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் பிட்கீப்பர் என்ற கருவியில் இருந்தது; அதன் நகல் ஒன்று சிவிஎஸ் என்ற இன்னொரு கருவி வழியாகவும் கிடைத்தது. அந்த நகலுக்குள் யாரோ புகுந்து இரண்டு வரிகளைச் சேர்த்தார். மேலோட்டமாகப் பார்த்தால், பொருந்தாத அமைப்புகளுடன் வரும் அழைப்பைப் பிழையென்று திருப்பியனுப்பும் சாதாரணச் சோதனை அது. ஆனால் பயனர் எண் 0-தானா என்று ஒப்பிட இரண்டு சமக்குறிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. சி மொழியில் ஒற்றைச் சமக்குறி ஒப்பிடாது, மதிப்பையே மாற்றிவிடும் என்பதால், அந்த அழைப்பை விடுப்பவர் அக்கணமே எண் 0 கொண்ட, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனர் ஆகிவிடுவார். கண்ணால் படித்து இதைப் பிடித்திருப்பேன் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். முதன்மைக் களஞ்சியத்தில் அந்த மாற்றத்துக்கு இணையான பதிவு இல்லாததால்தான் அது சிக்கியது.

2024இல் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில் நடந்தது இதைவிடத் தந்திரமானது. நீண்ட நாள் பங்களித்து நம்பிக்கையைப் பெற்று, பராமரிப்பாளராகவே ஆகிவிட்ட ஒருவர், பின்கதவின் உடலைச் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்து, அதை உயிர்ப்பிக்கும் வரிகளை வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் வைத்தார். பொதுக் களஞ்சியத்தில் அவ்வரிகள் இல்லை. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் வழி உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலர் துருவிப் பார்த்ததால் அது அம்பலமானது. காவல் முறையால் அல்ல, அவருடைய பிடிவாதத்தால்தான் தப்பித்தோம். அதன் பிறகு, வெளியீட்டுத் தொகுப்பை அப்படியே நம்பாமல் களஞ்சியத்திலிருந்தே நேரடியாகக் கட்டமைக்க வேண்டும் என்ற வாதம் வலுத்தது.

மூலநிரலுக்கும் அதிலிருந்து கட்டப்பட்டுக் கணினியில் ஓடும் பைனரிக்கும் இடையிலும் ஓர் இடைவெளி உண்டு. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் 2013 முதல் முன்னெடுத்துவரும் மீளுருவாக்க முயற்சி, ஒரே மூலநிரலை இரு வேறு கணினிகளில் கட்டினால் விளைவு பிட் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது. இதற்குக் கட்டமைத்த நேரம், கோப்புகளின் வரிசை போன்ற அற்ப வேறுபாடுகளைக்கூடக் களைய வேண்டியிருக்கிறது.

மூலநிரலைப் பைனரியாக மாற்றும் தொகுப்பியே பொய் சொல்லி, பின்கதவைத் தானே நுழைத்தால்? 1984இல் யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் எழுப்பிய இக்கேள்விக்கு, சந்தேகத்துக்குரிய தொகுப்பியின் மூலநிரலை வேறொரு தொகுப்பியால் கட்டி முடிவுகளை ஒப்பிடலாம் என்று கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டேவிட் வீலர் வழி சொன்னார். குனு கீக்ஸ் என்ற லினக்ஸ் வழங்கலின் திட்டத்தினர் 2023இல் தம் மென்பொருள் தொகுப்புகளைக் கட்டத் தொடங்கும் அடிவேரை 357 பைட் நிரலாகச் சுருக்கினர். அதை ஒருவர் உட்கார்ந்து முழுதும் படித்துவிடலாம். கட்டுமானத்தை நடத்தும் கருவியும் கெர்னலும் மட்டும் இன்னும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன.