மேவிபோசேத்துக்கு அந்தப் பெயரை வைத்தது யார்?

சவுல் வீட்டாரைப் பற்றி எழுதியதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சவுல் ராஜாவின் பேரன், யோனத்தானின் மகன் மேவிபோசேத்தைப் பற்றித்தான். தனித்தனியாக எழுதி மாளாது, இங்கேயே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

*"மேவிபோசேத் என்றால் வெட்கம், பிறந்தபோதே அவன் தலையில் அவமானம் எழுதப்பட்டது" என்று பிரசங்கத்தில் கேட்டேன். சரியா?*

பாதி சரி. பெயரின் பின்பகுதியான 'போஷெத்' எபிரேயத்தில் வெட்கம், அவமானம் என்று பொருள்படும். முன்பகுதி 'மெஃபி' இன்னும் தகராறில்தான் இருக்கிறது. 'வாயிலிருந்து' என்கிறார்கள் சிலர், 'சிதறடிக்கிற' என்கிறார்கள் சிலர். இரண்டுமே அந்தச் சொல்லோடு ஒழுங்காகப் பொருந்தி வரவில்லை. ஆனால் 'பிறந்தபோதே' என்றார்களே, அது தப்பு. 1 நாளாகமம் 8:34-ஐத் திறந்து பாருங்கள், யோனத்தானின் மகன் பெயர் அங்கே மேரிபால். எபிரேயத்தில் மெரிப்-பஅல், அதாவது 'பாகால் வழக்காடுகிறான்' என்பது போல (எபிரேய 'பஅல்'தான் நம் வேதத்தில் 'பாகால்', கானானியரின் தெய்வம்). இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு அடையாளம், இங்கேயும் சரி, 2 சாமுவேல் 9:12-லும் சரி, அவன் மகன் பெயர் மீகா. ஆக, அப்பா வைத்த பெயரில் வெட்கம் இல்லை. பிற்காலத்தில் சாமுவேல் புத்தகத்தைப் பிரதி எடுத்தவர்கள் 'பாகால்' என்ற சொல்லை எழுதக் கை கூசி, அந்த இடத்தில் 'வெட்கம்' என்று போட்டுவிட்டார்கள் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. சவுலின் மகன் எஸ்பால் (எபிரேயத்தில் எஷ்பஅல்) இஸ்போசேத் ஆனதும் அப்படித்தான். இன்னொரு தரப்பும் உண்டு: அக்காதிய மொழியில் 'பாஷ்து' என்றால் கம்பீரம், காக்கும் தெய்வம் என்றெல்லாம் அர்த்தம் வரும், 'போஷெத்' அதன் உறவுதான், இதில் திருத்தமே இல்லை என்பார்கள். எனக்கு முதல் விளக்கம்தான் ஒட்டுகிறது, காரணம் கடைசிக்கு முந்தைய கேள்வியில் வரும்.

*அப்படியானால் சவுல் குடும்பம் பாகாலைக் கும்பிட்டதா?*

அவசரப்படாதீர்கள். 'பஅல்' என்பது அடிப்படையில் சாதாரணச் சொல். உடையவன், எசமான், புருஷன், எல்லாவற்றுக்கும் அதுதான். நாம் 'ஆண்டவர்' என்கிறோமே, அப்படி இஸ்ரவேலின் தேவனையே ஒரு காலத்தில் அந்தச் சொல்லால் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓசியா 2:16-ல் 'இனி என்னை பாகாலி என்று சொல்லாமல் ஈஷி என்று சொல்லுவாய்' (பாகாலி 'என் எசமான்', ஈஷி 'என் புருஷன்') என்று வருவது அதனால்தான், புழக்கத்தில் இருந்ததைத்தானே நிறுத்தச் சொல்ல முடியும். தாவீதோடு சிக்லாகில் வந்து சேர்ந்தவர்களில் ஒருவன் பெயர் எபிரேயத்தில் பெஅல்யா (1 நாளாகமம் 12:5), 'யாவே எசமான்' என்று அர்த்தம் (யாவே, இஸ்ரவேலின் தேவனுடைய பெயர்). இதைவிட வெளிப்படையாக வேறென்ன வேண்டும்? தாவீதின் மகனுக்கே இந்தக் கதை உண்டு: 1 நாளாகமம் 14:7-ல் எபிரேய மூலத்தில் பெஎல்யாதா, 2 சாமுவேல் 5:16-ல் அவனே எலியாதா. அப்புறம், யோனத்தான் என்றால் 'யாவே கொடுத்தார்'. பாகாலைக் கும்பிடுகிற அப்பா மூத்த மகனுக்கு இப்படிப் பெயர் வைப்பாரா?

*நம் ஊரில் கண்ணேறு படாமலிருக்க குப்பம்மாள், பிச்சை என்று வைப்பதுபோல இதுவும் இருக்குமோ?*

நல்ல கேள்வி, ஆனால் இல்லை. குப்பம்மாள் பெற்றவர்கள் ஆசையாக வைக்கிற பெயர். இது பெற்றவர்கள் கேள்விப்பட்டே இராத பெயர்.

*வேதத்துக்கு வெளியே இந்த மாதிரிப் பெயருக்குச் சான்று உண்டா?*

உண்டு. தாவீதும் கோலியாத்தும் மோதிய ஏலா பள்ளத்தாக்கின் மேட்டில் கிர்பெத் கெயாஃபா என்ற இடம். 2012-ல் அங்கே ஒரு பெரிய ஜாடி சில்லுசில்லாகக் கிடைத்தது, பொறுமையாக ஒட்டவைத்துப் பார்த்தால் தோள்பட்டையில், சுடுவதற்கு முன் ஈரக் களிமண்ணிலேயே கீறிய எழுத்து: 'எஷ்பஅல் பென் பெதா', பெதாவின் மகன் எஷ்பஅல். 2015-ல் அறிவித்தார்கள். இவன் சவுலின் மகன் அல்ல, அப்பா பெயர் வேறு. ஆனால் காலம் சுமார் கி.மு. 1000, கிட்டத்தட்ட தாவீதின் காலம். அப்போது அந்தப் பக்கத்தில் ஒருவன் தன் பெயரைக் கூச்சமில்லாமல் ஜாடியில் போட்டுக்கொண்டிருக்கிறான்.

*பாகாலை 'வெட்கம்' என்று மாற்றினார்கள் என்பது வெறும் ஊகம்தானே?*

ஊகம்தான், ஆனால் காலூன்ற இடம் இருக்கிற ஊகம். எரேமியா 11:13-ல் வெட்கத்துக்குப் பலிபீடம், பாகாலுக்குப் பலிபீடம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். 1 இராஜாக்கள் 18-ல் எலியா எதிர்கொண்ட 'பாகாலின் தீர்க்கதரிசிகள்' கிரேக்க மொழிபெயர்ப்பில் 'வெட்கத்தின் தீர்க்கதரிசிகள்'. எனக்கு மிகவும் பிடித்தது ரோமர் 11:4. அங்கே பவுல் 'பாகாலுக்கு' என்று கிரேக்கத்தில் எழுதும்போது பெண்பால் சுட்டு போடுகிறார். பாகால் ஆண் தெய்வம், பின்னே ஏன் பெண்பால்? கண்ணுக்கு 'பாகால்' என்று எழுதியிருந்தாலும் வாய் 'ஐஸ்குனே', அதாவது வெட்கம் என்று வாசிக்க வேண்டும், அந்தக் கிரேக்கச் சொல் பெண்பால். இதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். நாளாகமத்தில் மட்டும் பழைய பெயர் ஏன் தப்பித்தது என்றால், அந்த வம்ச அட்டவணைகளை யார் உட்கார்ந்து படித்தார்கள், இன்றைக்கும் யார் படிக்கிறார்கள்! படிக்காத பக்கத்தில் திருத்தக்காரன் கை நீளாது.

*பையனுக்கு மேவிபோசேத் என்று வைக்க ஆசை, வீட்டில் எதிர்க்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?*

வீட்டார் பக்கம்தான் நான். பள்ளிக்கூடத்தில் பாதிப்பேர் பிழையாக எழுதுவார்கள், மீதிப்பேர் அர்த்தம் கேட்பார்கள். உண்மையான பெயர்தான் வேண்டும் என்று மேரிபால் வைத்தால், மேரி ஒரு ஆள், பால் ஒரு ஆள் என்று ரேஷன் கார்டில் இரண்டு பேராகப் பதிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. மீகா என்று வையுங்கள், அழகான பெயர். ஐந்து வயதில் தாதியின் கையிலிருந்து விழுந்து இரண்டு காலும் முடமாகி, லோதேபாரில் அடுத்தவர் வீட்டில் ஒதுங்கிக் கிடந்த அந்த மனிதர், தன் பிள்ளைக்குத் தேர்ந்தெடுத்த பெயர் அது. 'யாவேயைப் போல் யார்?' என்று அர்த்தம்.