தேர்ட் குரூப் பையனுக்குக் கம்ப்யூட்டர் வருமா?

சங்ககிரியிலிருந்து ஒரு லாரிக்காரர் மகனோடு என்னிடம் மேற்படிப்புக்கு யோசனை கேட்க வந்திருந்தார். பையன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, காமர்ஸ். கம்ப்யூட்டர் லைனுக்குத்தான் போவேன் என்கிறான். "ஃபர்ஸ்ட் குரூப் எடுக்காம விட்டுட்டானுங்க, இனி என்ன பண்றது?" என்று அப்பா கேட்கும்போதே, கூட வந்த தாய்மாமன் பளபளவென்று ஒரு பிராஸ்பெக்டஸை மேசையில் வைத்தார். சென்னையில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பி.சி.ஏ., பெயரோடு 'ஏஐ' (செயற்கை நுண்ணறிவு) ஒட்டியிருக்கிறது. ஹாஸ்டலோடு மூன்று வருடத்துக்கு 12 லட்சம். லாரிக்கு டியூ போன மாதம்தான் முடிந்ததாம். ஆர்சி புக்கை மறுபடியும் ஃபைனான்ஸில் வைப்பதாக முடிவே செய்துவிட்டார்கள்.

"பயப்படாதீங்கண்ணா, வழி இருக்கு" என்றுதான் ஆரம்பித்தேன். தொகையைக் கேட்டதும் ஆறுதலை நிறுத்திக்கொண்டேன். ஒற்றை லாரியில் ஓடுகிற குடும்பம் இந்தப் படிப்புக்கு அடமானம் வைக்கக் கூடாது. ஏஐக்கு அடியில் இருப்பது கணிதமும் புள்ளியியலும் புரோகிராமிங்கும். முதல் வருடம் என்ன பாடம் என்று அந்த பிராஸ்பெக்டஸில் தேடினேன். நீச்சல் குளத்தின் படம்தான் கிடைத்தது.

அதற்குள் பையன் போனை நீட்டினான். அப்பாவின் டீசல் பில், டோல், டிரைவர் பேட்டா, கிலோமீட்டர் எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் ஏற்றி, ட்ரிப்புக்கு ட்ரிப் மைலேஜ் போட்டு வைத்திருக்கிறான். ஒரு வரி மட்டும் சிவப்பு. "அந்த ட்ரிப்ல மைலேஜ் மூணுக்குக் கீழ போயிருச்சுங்க சார். பாத்தா, பில்லுல லிட்டர் தப்பு." அப்பாவுக்கே அது புதுச் செய்தி. மாமா கூட ஒரு நிமிடம் வாயடைத்துப்போனார்.

ஊருக்கே தெரிந்த வழிகளை விடுங்கள். இவனுக்காக நான் எடுத்து வைத்தது ஐஐடி மெட்ராஸ் 2020இல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பு, டேட்டா சயின்ஸ் (தரவுகளை அலசும் படிப்பு) பி.எஸ். ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ வேண்டாம். பிளஸ் டூவில் எந்த குரூப்பும் சரி. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். நான்கு வாரம் அவர்களே பாடம் நடத்தி, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைப்பார்கள். அதற்குக் கட்டுவது சில ஆயிரம்தான். அதில் கம்ப்யூட்டேஷனல் திங்கிங் (கணினி வழியில் யோசிப்பது) என்ற பாடத்தை நடத்தியவர்களில் ஒருவர் சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த். ஒரு வரி புரோகிராமும் எழுதாமல், மார்க் அட்டைகளையும் கடை பில்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணுவதில்தான் அது தொடங்கும். இவன் டீசல் பில்லில் செய்தது கிட்டத்தட்ட அதேதான்!

தேறினால் அடிப்படை நிலையில் எட்டுப் பாடங்கள், பிறகு இரண்டு டிப்ளமோ, பி.எஸ்சி., கடைசியில் பி.எஸ். எந்தப் படியில் இறங்கினாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். வருடத்துக்கு மூன்று டெர்ம். எடுக்கிற பாடத்துக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். குடும்ப வருமானத்தையும் இடஒதுக்கீட்டுப் பிரிவையும் பார்த்து 75 சதவீதம் வரை சலுகை உண்டு. டிப்ளமோவில் ஒரு ப்ராஜெக்ட்டுக்கு, நிஜமாக நடக்கிற ஒரு தொழிலின் கணக்கை வாங்கி அலச வேண்டும். "நம்ம லாரியவே வெச்சுக்கலாமா சார்?" என்று பையன் கேட்டான்.

கஷ்டத்தையும் மறைக்கவில்லை. வீடியோவைப் பார்த்துத் தானாக உட்கார்ந்து படிக்க வேண்டும், வாரா வாரம் அசைன்மென்ட், தேர்வுக்கு நேரில் போக வேண்டும். பாதியில் விடுகிறவர்கள் உண்டு. இது பி.டெக் இல்லை, வேலைக்கு யாரும் உத்தரவாதம் தருவதும் இல்லை. "ஐஐடியில படிக்கிறான்"னு கல்யாண வீட்டில் சொல்வதற்காகச் சேர்ப்பதாக இருந்தால் வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். போனில் ஒப்பேற்றவும் முடியாது, லேப்டாப் வாங்கத்தான் வேண்டும். செலவு செய்வதானால் அதற்குச் செய்யுங்கள்.

கூடவே பக்கத்து அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். 2022 முதல் ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதிக்கிறது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழக அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கணக்குப் பதிவியலும் பைத்தான் புரோகிராமிங்கும் சேர்ந்து தெரிந்த பையனை எந்த ஆடிட்டர் ஆபீஸும் லேசில் விடாது.

"சீட் போயிருமேங்க?" என்றார் மாமா. மேனேஜ்மென்ட் சீட் எங்கேயும் போகாதுங்க. நான்கு வாரம் இவன் படிக்கட்டும், தேர்வு எழுதட்டும். அதுவரை ஆர்சி புக் பீரோவிலேயே இருக்கட்டும்.