அம்பாசடரா, பத்மினியா? – பட்டறை பதில்கள்

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்க ஆசை. மலை ஏற அம்பாசடர்தான் என்கிறார் அப்பா. ஓட்டப் பத்மினிதான் சுகம் என்கிறார் மாமா. இருவருமே 80-களில் அந்தந்த காரை வைத்திருந்தவர்கள். எஞ்சின், இழுவை, வேகம் என்று பார்த்தால் எது மேல்?
– தாராபுரம் வாசகர்

பதில்: அவரவர் காரில் எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று இருவரையும் கேளுங்கள் தம்பி. சண்டையே அங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்து பெட்ரோல் அம்பாசடருக்கு 1489 சி.சி. எஞ்சின், சுமார் 50 ஹெச்.பி. பத்மினிக்கு 1089 சி.சி., சுமார் 40 ஹெச்.பி. இதைப் பார்த்ததும் அம்பாசடர் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். அது 1,100 கிலோவுக்குக் குறையாத வண்டி. பத்மினி 900 கிலோ கூட வராது. வகுத்துப் பார்த்தால், டன்னுக்கு ஏறத்தாழ 45 ஹெச்.பி. என்று இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். தனியாக ஓட்டினால் பத்மினி துள்ளுவது அதனால்தான். அகலம் குறைவு, ஸ்டியரிங்கும் லேசு. மாமா பொய் சொல்லவில்லை.

இப்போது ஐந்து பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றுங்கள். 400 கிலோ என்று வையுங்கள். அம்பாசடர் டன்னுக்கு 33-க்கு இறங்கும், பத்மினியோ 31-க்கு. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் அம்பாசடர் எஞ்சினின் முழு இழுவையும் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைத்துவிடும். பத்மினியை விரட்டினால்தான் கிடைக்கும். பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது அப்பா செகண்ட் கியரிலேயே நிதானமாக உருட்டியிருப்பார். மாமா வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கை ஒட்டிய கியரை மாற்றிக்கொண்டே இருந்திருப்பார்.

மலையில் பத்மினிக்கு இன்னொரு தொல்லை, சூடு. எஞ்சினுக்குப் பெட்ரோல் இழுத்துத் தரும் பம்ப் சூடேறி, பெட்ரோல் ஆவியாகி, வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றவர்கள் எத்தனை பேர்! அதைவிட முக்கியம், பத்மினியின் சிலிண்டர் ஹெட், அதாவது எஞ்சினின் மேல் மூடி, அலுமினியம். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் வளைந்துவிடும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் போகும். அம்பாசடரின் ஹெட் வார்ப்பிரும்பு; அலட்சியத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதே இரும்புக்கு வேறொரு வினை உண்டு. வால்வு உட்காரும் இடம் அந்த இரும்பிலேயே வெட்டியது. பெட்ரோலில் ஈயம் இருந்தவரை அது தேயவில்லை. 2000-த்தோடு ஈய பெட்ரோல் போய்விட்டது. ஹெட்டை இறக்கும்போது கெட்டியான வால்வு சீட் போட்டுவிடுங்கள். பத்மினிக்கு அந்தக் கவலை இல்லை. இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இரண்டிலுமே பழைய ரப்பர் ஹோஸ், பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு எல்லாவற்றையும் மாற்றியே ஆகவேண்டும்.

டாப் ஸ்பீடு பற்றிக் கேட்காதீர்கள். அந்தக் காலத்து டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு 80-க்கு மேல் இரண்டையுமே நான் ஓட்ட மாட்டேன்.

குடும்பத்தோடு வெளியூர் என்றால் அம்பாசடர். ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று என்றால் பத்மினி. என் கை போவதும் பத்மினிக்குத்தான். எதுவானாலும் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இரண்டுக்குமே தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் எல்லாம். மிதியடியைத் தூக்கித் தரைத் தகட்டையும், கதவுக்குக் கீழ் ஓடும் பட்டையையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் விலை பேசவே வேண்டாம். எஞ்சின் வேலையை எந்தப் பழைய மெக்கானிக்கும் முடித்துவிடுவார், தகடு வெட்டி ஒட்டும் டிங்கர் வேலைதான் காரின் விலையையே விழுங்கும்.